இடைகழியும் இரும்புச் சட்டமும்: தரவு நிலையத்தில் பிணையக் கருவிகள் அமரும் முறை

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், சனிக்கிழமை. அன்று பிற்பகல் சிங்கப்பூரில் கடைகளிலும் உணவங்காடிகளிலும் பணம் செலுத்தக் கைப்பேசியை நீட்டியவர்கள் பலர் திகைத்து நின்றனர். இரண்டு பெரிய வங்கிகளின் மின்னிலக்கச் சேவைகள் தடைபட்டிருந்தன. பணம் எடுக்கும் இயந்திரங்களும் பயன்படவில்லை. நிலைமை சீரடைய மறுநாள் அதிகாலை ஆயிற்று. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை என்றும், வங்கித் தளங்களில் நுழைய மேற்கொண்ட முயற்சிகளுள் 810,000 வரை தோல்வியுற்றன என்றும் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இதற்குக் காரணம் யாது? கணினிக்குள் புகுந்த திருடன் இல்லை. நச்சு நிரலும் இல்லை. அவ்விரு வங்கிகளின் கருவிகளும் இருந்த தரவு நிலையத்தில் குளிர்விக்கும் அமைப்பு பழுதுற்றது. மேம்பாட்டுப் பணி நடந்துகொண்டிருந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்களை மூடுமாறு தவறான கட்டளை சென்றது. கூடங்களில் வெப்பம் ஏறியது, கருவிகள் நின்றன. இரு வங்கிகளும் உடனே தத்தம் மாற்று நிலையங்களை இயக்க முற்பட்டன. அங்கே ஒன்றுக்குப் பிணைய அமைப்பில் இருந்த பிழையும் மற்றொன்றுக்கு இணைப்புச் சிக்கலும் தடையாயின.

நிகழ்ச்சியை ஆராய்ந்து பார்த்தால் இரண்டு சொற்கள் எஞ்சுகின்றன: வெப்பம், இணைப்பு. இரண்டும் கையால் தொட்டறியத்தக்க பொருள்கள். காற்று எத்திசையில் செல்கிறது, கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் இரண்டு எளிய வினாக்களுக்குச் சரியான விடை காண்பதே தரவு நிலையத்தின் பௌதிக வடிவமைப்பு. அவ்வடிவமைப்பின் அடிப்படைகளை, குறிப்பாகப் பிணையக் கருவிகளைச் சட்டத்தில் ஏற்றி நிறுவும் முறையை, ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மேகம் என்பது ஒரு கட்டடம்

நம் படங்களும் பாடக்குறிப்புகளும் ‘மேக’த்தில் இருப்பதாகச் சொல்கிறோம். அந்தச் சொல் ஒரு மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் அவை காங்கிரீட் தளத்தின் மேல், இரும்புச் சட்டங்களுக்குள், மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழும் இயந்திரங்களில் இருக்கின்றன. சிங்கப்பூரில் இத்தகைய நிலையங்கள் 70க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1.4 கிகாவாட்டைத் தாண்டுவதாக 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்ட பசுமைத் தரவு நிலையத் திட்டவரைவு கூறுகிறது. 2020ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மின்பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை இவையே எடுத்துக்கொண்டன. நிலமும் மின்சாரமும் குறைவாக உள்ள ஒரு தீவுக்கு இது பெரும் சுமை. அதனால்தான் 2019ஆம் ஆண்டு முதல் புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் கடுமையான நிபந்தனைகளுடன் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியிலும் அதன் பின்னரும் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் மாநிலத்தில் புதிய நிலையங்கள் பல எழுந்தன.

எனவே, ஒரு சட்டத்தில் கருவிகளை எப்படி அடுக்குகிறோம் என்பது தொழில்நுட்பப் பணியாளரின் தனிப்பட்ட கவலையோடு முடிவதில்லை. அடுக்கும் முறை தவறினால் குளிரூட்டி கூடுதலாக உழைக்க வேண்டும், மின்சாரம் வீணாகும், இறுதியில் சேவையே நிற்கும்.

பத்தொன்பது அங்குல ஒழுங்கு

தரவு நிலையத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவன நூலக அலமாரிகளைப் போல வரிசையாக நிற்கும் இரும்புப் பேழைகள். அவற்றின் எலும்புக்கூட்டைத் தொழிலில் ‘ரேக்’ என்பார்கள். தமிழில் அடுக்குச்சட்டம் எனலாம். இதன் அளவு ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. தொலைபேசி நிலையங்களில் கருவிகளை நெருக்கமாக அடுக்குவதற்காக அமெரிக்கத் தொலைபேசித் துறை 1920களின் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட அளவே இன்றும் நிலைபெற்றுள்ளது.

கருவியின் முகப்புத் தகட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை அளக்கும் அலகு ‘யு’ எனப்படும். ஒரு யு என்பது 1.75 அங்குலம், 44.45 மில்லிமீட்டர். பரவலாகப் பயன்படும் சட்டம் 42 யு உயரம் உடையது. கருவிகளுக்குக் கிடைக்கும் உயரம் 1,867 மில்லிமீட்டர் அளவாகும். கருவியைச் செய்பவர் எந்த நாட்டவராயினும், சட்டத்தைச் செய்பவர் எவராயினும், இரண்டும் பொருந்துவது இந்தப் பொது ஒழுங்கினால்தான்.

சட்டத்தின் தூண்களில் உள்ள துளைகளைக் கூர்ந்து பார்த்தால் அவை சம இடைவெளியில் இல்லை என்பது விளங்கும். ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 15.875, மீண்டும் 15.875, பிறகு 12.7 மில்லிமீட்டர் என்னும் முறை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றையும் கூட்டினால் சரியாக ஒரு யு. நெருங்கி நிற்கும் இரண்டு துளைகளின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. புதியவர்கள் செய்யும் முதல் பிழை இங்கேதான் நேர்கிறது. ஒரு துளை தள்ளித் திருகாணியைப் பொருத்திவிட்டால் அக்கருவி இரண்டு அலகுகளின் மேல் சவாரி செய்யும். மேலும் கீழும் பயன்படுத்த முடியாத இடைவெளி தோன்றும். பிழை ஒரு விரல் அளவு. அதைத் திருத்த வேண்டுமானால் இயங்கிக்கொண்டிருக்கும் கருவியை நிறுத்த வேண்டும்.

இடைகழி

கருவி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 5 கிலோவாட் மின்சாரம் பயன்படுத்தும் ஒரு சட்டம் 5 கிலோவாட் வெப்ப அடுப்பு என்றே கொள்ளலாம். அந்த வெப்பத்தை அகற்ற எவ்வளவு காற்று வேண்டும்? உட்செல்லும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் இடையே 12 பாகை வேறுபாடு இருக்குமெனக் கொண்டு கணக்கிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 0.35 கன மீட்டர் காற்று அச்சட்டத்தின் வழியே ஓடவேண்டும். மேனிலை மாணவர்கள் வெப்பக் கொள்திறன் வாய்பாட்டைக் கொண்டு இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

அத்தனை காற்றும் ஓடினால் போதாது. குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலவாமலும் ஓடவேண்டும். இதற்காகச் சட்டங்களை முகத்துக்கு முகமும் முதுகுக்கு முதுகுமாக வரிசைப்படுத்துகிறார்கள். முகங்கள் எதிரெதிரே பார்க்கும் நடைவழியில் குளிர்காற்று வந்து நிறைகிறது. முதுகுகள் பார்க்கும் நடைவழியில் வெப்பக்காற்று வெளியேறுகிறது. முன்னதைக் குளிர் இடைகழி என்றும் பின்னதை வெப்ப இடைகழி என்றும் அழைக்கலாம்.

‘இடைகழி’ நமக்குப் புதிய சொல் இல்லை. வீட்டின் வாயிலுக்கும் உள்ளறைக்கும் இடைப்பட்ட குறுகிய வழியே இடைகழி. திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கி நின்ற இடமும் அதுவே. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று அந்த இடத்தின் நெருக்கத்தை வைணவ மரபு சொல்லும். தரவு நிலையத்தின் இடைகழியும் அளந்து வைத்த இடமே. 600 மில்லிமீட்டர் சதுரத் தள ஓடுகள் இரண்டைக் கொண்ட 1.2 மீட்டர் அகலம் குளிர் இடைகழிக்குப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. அந்த அகலத்துக்குள் கருவியைச் சட்டத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டும். பணியாளர் நின்று வேலை செய்யவும் வேண்டும்.

சட்டத்தில் கருவி இல்லாத இடங்களை வெற்றுத் தகடுகளால் மூடவேண்டும். மூடாவிட்டால், பின்புறத்து வெப்பக்காற்று அந்தத் திறப்பின் வழியே முன்னால் சுழன்று வந்து மீண்டும் கருவிக்குள் புகும். கூடத்தின் வெப்பமானி 24 பாகை காட்டிக்கொண்டிருக்க, குறிப்பிட்ட ஒரு கருவி மட்டும் 35 பாகைக் காற்றை உண்டு வாடும். மிகக் குறைந்த விலையுள்ள ஒரு தகடு அதைத் தடுத்துவிடும்.

கருவிகளின் வாயில் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது உலகளவில் பின்பற்றப்படும் பரிந்துரை. ஆயினும் நெடுங்காலமாகப் பல நிலையங்கள் 22 பாகைக்கும் கீழே குளிரவைத்து வந்தன. ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரப்பதமும் மிகுந்த நம் வட்டாரத்தில் இது பெருஞ்செலவு. வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கெனச் சிங்கப்பூர் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்எஸ் 697 தரநிலை, படிப்படியாக 26 பாகைக்கும் அதற்கு மேலும் உயர்த்த வழிகாட்டுகிறது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்பது மதிப்பீடு. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. 20 பாகையில் இயங்கும் கூடம் ஒழுங்கற்ற காற்றோட்டத்தையும் பொறுத்துக்கொள்ளும். 26 பாகையில் இயங்கும் கூடத்தில் மூடாத துளை ஒவ்வொன்றும் கணக்கில் வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்த விரும்பும் நாடு, சட்டத்தின் ஒழுங்கில் கவனம் வைத்தே ஆகவேண்டும்.

சுவிட்ச் எந்தப் பக்கம் பார்க்கும்?

பிணையக் கருவிகளுக்கே உரிய ஒரு சிக்கலை இனிக் காண்போம். சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி முன்புறம் குளிர்காற்றை இழுத்துப் பின்புறம் வெளியேற்றும். அதன் பிணைய இணைப்புகளும் பின்புறத்திலேயே இருக்கும். ஆனால் பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் என்னும் கருவிக்கு இணைப்புத் துளைகள் முகப்பில் இருக்கின்றன. முகப்பைக் குளிர் இடைகழியை நோக்கி வைத்தால், அத்தனை கேபிள்களையும் முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோக வேண்டும். அது தொல்லை என்று முகப்பைப் பின்புறமாகத் திருப்பி வைப்பதே வழக்கம்.

திருப்பி வைக்கும்போது விசிறியின் திசை என்னவாகும் என்பதை முன்பே எண்ணிப் பார்த்தல் வேண்டும். துளைப்பக்கம் காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளைக் கொண்ட சுவிட்சை இவ்வாறு திருப்பினால், அது வெப்ப இடைகழியின் காற்றை உண்டு, குளிர் இடைகழியில் வெப்பத்தை உமிழும். சட்டத்தில் உள்ள பிற கருவிகள் அனைத்தும் ஒரு திசையில் மூச்சுவிட, இது ஒன்று மட்டும் எதிர்த்திசையில் மூச்சுவிடும். எனவே கருவியை வாங்கும்போதே விசிறியின் திசையைக் குறிப்பிட்டு வாங்கவேண்டும். இரண்டு வகைகளையும் எளிதில் பிரித்தறியும் பொருட்டு, உற்பத்தியாளர் பலர் விசிறிப் பெட்டியின் கைப்பிடியில் வெவ்வேறு வண்ணம் இடுகிறார்கள். ஒரே சுவிட்சில் விசிறிகளும் மின்வழங்கிகளும் மாறுபட்ட திசையில் ஊதக் கூடாது. ஊதினால் ஒன்றின் உழைப்பை மற்றொன்று கெடுக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுவிட்சின் நீளம் சர்வரின் நீளத்தைவிடக் குறைவு. பின் தூணில் பொருத்தினால் அதன் காற்று வாய் சட்டத்தின் நடுவிலேயே நின்றுவிடும். அங்கே தேங்கியிருப்பது இளஞ்சூடான காற்று. முன்புறத்திலிருந்து குளிர்காற்றை அதன் வாய்வரை கொண்டுசேர்க்கத் தகட்டாலான ஒரு காற்றுக்குழாய் பொருத்தவேண்டும். பெரிய ரவுட்டர்கள் சில பக்கவாட்டில் மூச்சுவிடுவன. அவற்றுக்கு 600 மில்லிமீட்டர் பேழை போதாது, 800 மில்லிமீட்டர் அகலப் பேழையும் தடுப்புத் தகடுகளும் தேவைப்படும்.

தொலைவின் கணக்கு

சுவிட்சுகளை எங்கே வைப்பது? இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு சட்டத்தின் உச்சியிலும் ஒன்றிரண்டு சுவிட்சுகளை வைத்து, அச்சட்டத்தின் கணினிகளை அங்கேயே இணைப்பது ஒன்று. வரிசையின் கோடியில் அல்லது நடுவில் பெரிய சுவிட்சுகளை வைத்து, வரிசை முழுவதன் கேபிள்களையும் அங்கே கொண்டுவருவது மற்றொன்று.

இரண்டில் எது நன்று என்பதைக் கேபிளின் இயல்பு பெரிதும் தீர்மானிக்கிறது. இரு முனைகளிலும் இணைப்பு முனை பொருத்தப்பட்ட குறுகிய செப்புக் கேபிள் விலை குறைந்தது, மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் வேகம் கூடக்கூட அதன் எட்டும் தொலைவு குறைகிறது. வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 7 மீட்டர் வரையும், 25 கிகாபிட்டில் 5 மீட்டர் வரையும், 400 கிகாபிட்டில் ஏறத்தாழ 3 மீட்டர் வரையுமே அது பயன்படும். சட்டத்தின் உச்சியில் சுவிட்ச் இருந்தால் 3 மீட்டர் போதும். வரிசையின் கோடிக்குப் போகவேண்டுமானால், 100 மீட்டர் வரை எட்டும் முறுக்கிய செப்புக் கம்பியையோ ஒளியிழையையோ நாடவேண்டும்.

இணைந்து பணிபுரியும் இரண்டு முதன்மைச் சுவிட்சுகளை ஒரே சட்டத்தில் அருகருகே வைப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்தின் மேல் நீர் கசிந்தாலோ அதன் மின்வழி அறுந்தாலோ இரண்டும் ஒருங்கே வீழும். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தாங்கவேண்டும் என்பதற்காக இரட்டித்த கருவிகளை ஒரே இடத்தில் வைப்பது, வீட்டின் மாற்றுச் சாவியையும் அதே கொத்தில் கோத்து வைப்பதற்கு ஒப்பாகும். அவை வெவ்வேறு சட்டங்களில், இயன்றால் வெவ்வேறு வரிசைகளில், இருத்தல் நலம். கட்டடத்துக்குள் வரும் ஒளியிழைகளும் இரு வேறு வாயில்கள் வழியே வரவேண்டும்.

இரட்டை மின்வழி

முக்கியக் கருவிகளுக்கு மின்வழங்கிகள் இரண்டு உண்டு. சட்டத்தின் இடப்புறம் ஒரு மின்பகிர்வுப் பட்டையும் வலப்புறம் ஒன்றும் செங்குத்தாக நிற்கும். ஒன்று ‘ஏ’ வழியிலிருந்தும் மற்றொன்று ‘பி’ வழியிலிருந்தும் மின்சாரம் பெறும். கருவியின் ஒரு கம்பியை ஏ-யிலும் மற்றதைப் பி-யிலும் செருகவேண்டும். இடம் அருகில் இருக்கிறது என்று இரண்டையும் ஒரே பட்டையில் செருகுவது பயனற்றது. கருவி இயங்கும், பச்சை விளக்குகள் இரண்டும் எரியும். பிழை இருப்பது அந்தப் பட்டை அணையும் நாளில்தான் தெரியும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. 230 வோல்ட், 32 ஆம்பியர் அளவுள்ள ஒரு வழி 7,360 வாட் தரும். பாதுகாப்புக் கருதி அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏற்றாதிருப்பது பரவலான வழக்கம். அஃது ஏறத்தாழ 5,900 வாட். இரண்டு வழிகள் இருப்பதால் 11,800 வாட் கிடைக்கும் என்று எண்ணுவது பெரும்பிழை. ஒரு வழி அறுந்தால் முழுச் சுமையும் மற்றதன் மேல் விழும். ஆகவே சட்டத்தின் மொத்தச் சுமையே 5,900 வாட்டுக்குள் இருத்தல் வேண்டும்; இயல்பான நாளில் ஒவ்வொரு வழியும் அதில் பாதியை மட்டும் சுமக்கும். இரண்டு வழிகளும் 60 விழுக்காடு சுமந்துகொண்டிருக்கும் சட்டம் பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஒன்று அணைந்த நொடியில் மற்றதன் மேல் 120 விழுக்காடு ஏறி, அதன் தடுப்பானும் விழுந்து, சட்டம் முழுவதும் இருளும்.

நிறுவும் வரிசை

கருவி வந்து சேர்ந்தவுடன் பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்துவிடல் ஆகாது. குளிர்ந்த இடத்திலிருந்து வெக்கையான இடத்துக்கு வந்த உலோகத்தின் மேல் ஈரம் படியும் என்பதை, குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் மூக்குக்கண்ணாடி மங்கக் கண்ட நாம் அறிவோம். அறையின் வெப்பநிலைக்கு அக்கருவி பழகும் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து, வரைபடம். சட்டத்தின் எந்த யுவில் எந்தக் கருவி என்பதை முன்பே தாளில் வரைந்திருத்தல் வேண்டும். எடை மிகுந்தவை கீழே, இலேசானவை மேலே என்பது விதி. மேற்பகுதி கனத்தால், ஒரு கருவியை வெளியே இழுக்கும்போது சட்டமே சாயக்கூடும். அதனால் சட்டத்தைத் தளத்தோடு பிணைத்தபின்னரே கருவிகளை ஏற்றவேண்டும். கீழிருந்து மேலாக ஏற்றவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டுமே இழுக்கவேண்டும். கனமான கருவியைத் தூக்க இருவராவது தேவை. மிகக் கனமானவற்றுக்குத் தூக்குக் கருவி தேவை.

சதுரத் துளைகளில் ‘கேஜ் நட்’ என்னும் கூண்டு மரைகளைப் பொருத்துவது பார்க்க எளிது. வில்போன்ற அதன் காதுகள் விரலைக் கிழித்துவிடக் கூடியவை. அதற்குரிய சிறு கருவியையே பயன்படுத்தவேண்டும். கருவியை ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் நான்கு மூலைத் திருகாணிகளையும் தளர்வாகப் பொருத்தி, நேராக அமர்ந்ததா என்று பார்த்து, பிறகு இறுக்கவேண்டும்.

முதலில் இணைக்கவேண்டியதும் கடைசியில் கழற்றவேண்டியதும் புவியிணைப்பு. வண்ணம் பூசிய பரப்பின் மேல் அதை இறுக்கினால் மின்தொடர்பு ஏற்படாது. வண்ணத்தை நீக்கிய உலோகத்தின் மேல் இறுக்குதல் வேண்டும். அதன்பின் மின்சாரம், அதன்பின் தரவுக் கேபிள்கள். கருவியின் உறுப்புகளைத் தொடும்போது கையில் நிலைமின் காப்புப் பட்டை அணிந்திருத்தல் வேண்டும். நாம் உணராத அளவு சிறிய நிலைமின் பொறியும் நுண்சில்லுகளைக் கெடுத்துவிடும்.

கேபிளும் பெயர்ச்சீட்டும்

கேபிள்கள் தலைக்கு மேலுள்ள பரண்களின் வழியே வரும். மின் கம்பிகள் ஒரு பக்கமும் தரவுக் கேபிள்கள் மறுபக்கமும் தனித்தனியே இறங்கும். செப்புக் கேபிளை அதன் குறுக்களவின் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. ஒளியிழைக் கேபிளுக்குப் பத்து மடங்கு வேண்டும், இழுக்கும்போது இருபது மடங்கு. மடங்கிய இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும். பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கிக் கட்டுவதைவிட, ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டைகளால் தளர்வாகக் கட்டுவது நன்று. நாளை ஒரு கேபிளை மாற்றவேண்டி வரும்போது கட்டை வெட்டக் கத்தியை எடுக்கவேண்டியிராது. கேபிள்கள் விசிறியின் முன்னும் மின்வழங்கியின் முன்னும் திரையாகத் தொங்கக் கூடாது. பழுதான உறுப்பை வெளியே இழுக்க வழி விட்டே கேபிளை நடத்தவேண்டும்.

தொலைதூரத்துக்குப் பயன்படும் ஒற்றைமுறை ஒளியிழையில் ஒளி செல்லும் மையத்தின் அளவு ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தலைமயிரின் தடிமன் அதைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு தூசி மையத்தின் மேல் படிந்தால் இணைப்பு தடுமாறும். ஆகவே ஒவ்வொரு முனையையும் பார்த்து, துடைத்து, மீண்டும் பார்த்துச் செருகவேண்டும். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது கூடவே கூடாது; உள்ளே வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இறுதியாகப் பெயர்ச்சீட்டு. கேபிளின் இரு முனைகளிலும், அது எந்தச் சட்டத்தின் எந்த யுவில் எந்தத் துளையிலிருந்து புறப்பட்டு எங்கே சேர்கிறது என்பது எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நிறுவியவருக்குச் சீட்டு தேவையில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். நள்ளிரவில் எச்சரிக்கை மணி கேட்டு ஓடிவரும், இதுவரை அந்தச் சட்டத்தைப் பாராத இன்னொருவருக்காக எழுதப்படுவது அது. நூற்றுக்கணக்கான ஒரேநிறக் கேபிள்களுக்கு முன்னால் நிற்கும் அவர் கையில், பிடுங்கவேண்டியதும் பிடுங்கக்கூடாததும் அருகருகே இருக்கும். சரியான சீட்டு இல்லையேல் அவர் ஊகிக்க நேரும். ஊகம் தவறினால், நலமாக இருந்த இணைப்பும் அறும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

காற்றோட்டத்தை மாணவர்க்கு விளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. உயரமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் அடுக்கடுக்காக மூன்று திறப்புகள் வெட்டுக. நடுத்திறப்பில் மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்துக. பெட்டியின் முன்னே ஆசிரியர் ஓர் ஊதுவத்தியை எட்டப் பிடித்தால், புகை உட்சென்று பின்னால் வெளியேறுவதைக் காணலாம். அடுத்து ஊதுவத்தியைப் பின்புறம் கொண்டுசென்றால், வெளியேறிய புகையில் ஒரு பகுதி மற்றத் திறப்புகள் வழியே முன்புறம் திரும்பி வருவது தெரியும். அத்திறப்புகளை அட்டையால் மூடிய பின் மீண்டும் பார்க்கட்டும். வெற்றுத் தகட்டின் வேலை என்ன என்பதை மாணவர் தாமே சொல்வார்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதிவரச் செய்தல் வேண்டும்.

மொழியின் பங்கு

இக்கட்டுரையில் சுவிட்ச், கேபிள், சர்வர் போன்ற சொற்கள் தமிழ் எழுத்தில் அப்படியே வந்துள்ளன. இடைகழி, பரண், அடுக்கு, சீட்டு, மரை போன்றவை நம் வீட்டிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்துள்ளன. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இடர்ப்பாடின்றி அமர்கின்றன. ஒரு கருவிக்கு வழங்கும் பெயரை மாற்றுவதைவிட, அக்கருவி ஏன் அவ்வாறு வைக்கப்படுகிறது என்பதைத் தமிழில் சொல்ல முடிவதே முதன்மையானது. “இதைத் தொடாதே” என்பது கட்டளை. “இதைத் தொட்டால் மற்ற வழியின் மேல் முழுச்சுமையும் விழும்” என்பது விளக்கம். கட்டளை மறந்துபோகும். காரணம் அறிந்தவன் கை தானே நின்றுவிடும்.

தரவு நிலையங்களைக் கட்டுவோரிலும், கேபிள் இழுப்போரிலும், இரவுக் காவலில் அவற்றைப் பேணுவோரிலும் தமிழ் பேசுவோர் உள்ளனர். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் நாளை அப்பணிக்குச் செல்வர். அவர்கள் பெற்றோரிடமோ தம்பி தங்கையரிடமோ தம் வேலையைப் பற்றித் தமிழில் பேச முற்படும்போது சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார்களாயின், மொழி அந்த வீட்டின் சமையலறையோடு சுருங்கிவிடும். அறிவியல் பாடத்தில் கற்ற வெப்பத்தையும் மின்சாரத்தையும், மொழிப் பாடத்தில் கற்ற தெளிந்த வாக்கியத்தையும் ஒரு சட்டத்தில் ஏற்றிக் காட்டுவது ஆசிரியர் கையில் இருக்கிறது. அடுத்த முறை கடையில் கைப்பேசியை நீட்டி, பணம் சென்றது என்னும் ஒலி எழும்போது, எங்கோ ஓர் இடைகழியில் காற்று சரியான திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.